ராகு காலத்தில் ரீஸ்டார்ட்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனிடம் எவனும் உண்மை பேசமாட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருபத்தோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கீபோர்டில் காபி கொட்டிய ஒருத்தனைக்கூட இதுவரை பார்த்ததில்லை. எல்லார் வீட்டுக் கீபோர்டும் தானாகவே நனைகிறது, எல்லார் லேப்டாப்பும் தானாகவே மேஜையை விட்டு இறங்கிக் கீழே விழுகிறது. அதனால் வருகிறவர்கள் சொல்லும் கதைக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மெஷின் என்ன சொல்கிறது என்று பார்ப்பது என் பழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ராஜபாளையத்தில் இருந்து பாண்டிச்செல்வம் போன் செய்தார். சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு அவர் மேனேஜர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், ஆகவே நலம் விசாரிப்பதுகூட ஆர்டர் போடுகிற தொனியில்தான் இருக்கும். லேபிள் அடிக்கிற கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமையில் இருந்து செத்துக் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நூற்றுப்பத்துப் பெட்டி பேண்டேஜ் லேபிள் இல்லாமல் நிற்கிறதாம். கெடு இன்றோடு முடிகிறது, நாலு மணிக்கு லாரி கிளம்பியே ஆக வேண்டும் என்றார். வரும்போது மறக்காமல் என் லெட்டர்பேடையும் கொண்டு வரச் சொன்னார். ரிப்பேருக்கு எதற்கு லெட்டர்பேடு என்று கேட்டேன். முதலாளி சொல்லுவார் என்று வைத்துவிட்டார்.

முதலாளி சோலைச்சாமி மரியாதைக்காரர். காபி வரவழைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, விஷயத்தைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் இருக்கும் ஒன்பது கம்ப்யூட்டரும் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸில் ஓடுபவை. நாலு வருஷத்துக்கு முன்னால் மாரிசெல்வி போட்டது. சேத்தூரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். பில், வருகைப் பதிவு, லேபிள் மூன்றும் அவள் பொறுப்பு. பழைய வெர்ஷனுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, புதுசுக்கு மாற்றியாக வேண்டும் என்று இரண்டு மாதமாக நச்சரித்து, முதலில் லேபிள் கம்ப்யூட்டரில் அப்கிரேடு போட்டாளாம். அது பாதியிலேயே படுத்துவிட்டதாம்.

"ஓசியில வாரதை நம்பினா இப்படித்தான்" என்றார் சோலைச்சாமி.

நாலு வருஷமாக அந்த ஓசியில்தான் அவர் கம்பெனி நடந்தது என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. நான் எழுதித் தர வேண்டியது இரண்டே வரி: கோளாறுக்குக் காரணம் இலவச சாஃப்ட்வேர், அதைப் போட்ட ஆளின் கவனக்குறைவு. மாரிசெல்வியை வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம் மேஜை மேல் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. வெளி ஆள் ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாதில்லையா. அந்தக் கடிதத்தையும் மாரிசெல்வியை வைத்தேதான் டைப் அடித்திருந்தார்கள். அங்கே வேறு யாருக்கும் தமிழ் டைப்பிங் தெரியாது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பிறகு அவர், இனி ஓசியே வேண்டாம், ஒன்பதையும் புதுசாக மாற்றிவிடலாம், உங்கள் கடையிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஒன்பது கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு மனசு துள்ளியது. அதை மறைத்து நான் நல்லவன் வேஷம் போடப் போவதில்லை. ஆகட்டும் முதலாளி, முதலில் மெஷினைப் பார்க்கிறேன் என்றேன்.

மெஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம், வாடிப்போன சாமந்தி. லேபிள் பிரிண்டருக்கும் மூன்று இடத்தில் பொட்டு. அப்கிரேடு போடுவதற்கு முன்னால் பூஜை போட்டிருக்கிறார்கள். தப்பு சொல்லமாட்டேன், நானும் புதுக் கடை திறந்தபோது ஜெபம் பண்ண ஆள் கூப்பிட்டவன்தான். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து ஓடி, அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். கரண்ட் போச்சு என்றார் பாண்டிச்செல்வம். அதுவா நின்னுபோச்சு என்றார் முதலாளி. பேக்கிங்கில் மூத்தவரான சீனியம்மாளைக் கேட்டால், அந்த நேரம் பார்த்து முகம் கழுவப் போயிருந்ததாகச் சொன்னார். மாரிசெல்வி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சுவர் ஓரமாக நின்றாள். நாலு நாளாக அவளை அந்த மெஷினைத் தொட விடவில்லை.

பென்டிரைவில் இருந்து மெஷினை எழுப்பி உள்ளே போனேன். எந்த நிமிஷம் என்ன வேலை நடந்தது என்று மெஷின் தானே ஒரு பதிவு எழுதி வைத்திருக்கும். ஒன்பது இருபதுக்கு அப்கிரேடு தொடங்கியிருக்கிறது. பழைய கோப்புகளை எடுத்துப் புதியதை வைக்கிற வேலை ஒழுங்காக நடந்து, பத்து இருபத்தேழுக்கு ஒரு வரியின் நடுவில் வெட்டிப்போட்ட மாதிரி நின்றிருக்கிறது. சரி, கரண்ட் போயிருக்கலாம். ஆனால் அதே மேஜையில், அதே யுபிஎஸ்ஸில் வருகைப் பதிவுக் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதன் பதிவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டில் இருந்து சாயங்காலம் வரைக்கும் அது ஒரு விநாடிகூட அணையவில்லை. கரண்ட் ஒரு பிளக்குக்கு மட்டும் போய் நான் பார்த்ததில்லை. தலையைத் தூக்கிச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அட்டையில் போட்டிருந்தது, வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

பாண்டிச்செல்வம் லாரியைப் பார்க்கப் போன நேரத்தில் மாரிசெல்வி பக்கத்தில் வந்து, மெதுவாக மீதியைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று அவள் கேட்டிருக்கிறாள். முதலாளி காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமை ஒன்பதே கால் நல்ல நேரம் என்று குறித்துவிட்டார். இன்டர்நெட் ஊர்ந்ததில் வேலை இழுத்துக்கொண்டே போனது. பத்து இருபதுக்கு முதலாளி வந்து, இது எப்போது அணைந்து திரும்ப எழும் என்று கேட்டார். இன்னும் கால் மணி நேரம் என்றாள். அங்கேதான் சிக்கல். நல்ல நேரத்தில் தொடங்கிய வேலை ராகு காலத்திலும் ஓடலாம், அது குற்றமில்லை. ஆனால் அணைந்து எழுவது என்பது புதுத் தொடக்கம், அது கூடவே கூடாது. ஆகவே இப்போதே நிறுத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் விட்ட இடத்தில் இருந்து ஓட்டு என்று உத்தரவு. தறி ஓட்டிப் பழகிய மனுஷன். தறியை நினைத்த நேரம் நிறுத்தலாம், நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். நாற்பது வருஷ அனுபவத்தை அப்படியே தூக்கிக் கம்ப்யூட்டர் தலையில் வைத்துவிட்டார். நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் எழாது என்று இவள் குறுக்கே நின்றிருக்கிறாள். முதலாளி மேனேஜரைப் பார்த்தார். ஹவில்தார் ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"உங்களுக்கே தெரிஞ்சுபோச்சுல்ல அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"இதை அப்படியே எழுதிக் குடுப்பீகளா? வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். இந்தக் கடிதத்தோட வெளிய போனா இந்த ஊருல எந்தக் கம்பெனியும் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டாக."

முதல்ல மெஷின் எழும்பட்டும்மா, அந்தக் கேபிளைக் கொஞ்சம் பிடி என்றேன். கேபிளுக்கு ஒரு கோளாறும் இல்லை. அவளுக்கும் அது தெரியும். பிடித்துக்கொண்டாள். ஒன்பது கம்ப்யூட்டர் என் கண்ணுக்குள் வரிசையாக நின்றது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வேலையைப் பெரும்பாலும் அவள்தான் செய்தாள். நாலு நாளாக ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தாள்: எது பாதியில் நிற்கிறது, எதை முதலில் முடிக்க வேண்டும், கோப்பு குறைந்தால் எங்கே இருந்து எடுப்பது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். அறுந்து நின்ற அப்கிரேடு மறுபடி நகர்ந்து, மூன்று மணிக்கு முழுதாக முடிந்தது. நடுவில் பிரிண்டரைப் பார்த்தேன். தாள் இருக்கும்போதே தாள் இல்லை என்று சிவப்பு விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. தாளைப் பார்க்கிற சின்னக் கண்ணாடி மேலேயே ஒரு குங்குமப் பொட்டு. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்ததும் விளக்கு பச்சையானது. அந்தக் கோளாறுக்கும் இலவச சாஃப்ட்வேரைத்தான் காரணமாக எழுதச் சொல்லியிருப்பார்கள்.

இனி மிச்சம் ஒன்றே ஒன்று. பென்டிரைவை எடுத்துவிட்டு மெஷினை அணைத்து எழுப்ப வேண்டும். மாரிசெல்வி கீபோர்டில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளியைக் கூப்பிடச் சொன்னாள்.

சோலைச்சாமி வந்தார். பின்னாலேயே பாண்டிச்செல்வம், லாரி டிரைவர் வேல்பாண்டி, லேபிள் ஒட்டக் காத்திருந்த பேக்கிங் பெண்கள் பத்துப் பேர்.

"ரீஸ்டார்ட் பண்ணணும் முதலாளி. மணி மூணு எட்டு. இன்னைக்குச் செவ்வாக்கிழமை" என்றாள் மாரிசெல்வி.

அவர் காலண்டரைப் பார்க்கவே தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். வேல்பாண்டி நாலைத் தாண்டினால் சரக்கு இன்றைக்குப் போய்ச் சேராது என்றான். முதலாளி நெற்றியைத் துடைத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் செத்த நேரம் வெளியே நிற்பதாகவும், நாங்களே பார்த்து எது நல்லதோ செய்துவிடும்படியும் சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். அவர் கண்ணில் படாவிட்டால் ராகுவின் கண்ணிலும் படாது என்று கணக்கு. ஏட்டி, தட்டிவிடு என்று பாண்டிச்செல்வம் பல்லைக் கடித்தார்.

அவள் தட்டவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"இருங்க முதலாளி. நீங்க வெளிய போயிட்டா, பொறவு நானாத் தட்டினதா ஆயிரும். வெள்ளிக்கிழமை பிளக்கைப் பிடுங்கச் சொன்னது யாருன்னு இம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லிருங்க. இப்ப இதைத் தட்டணுமா, நாலரை வரைக்கும் வைக்கணுமான்னும் நீங்களே சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சம்மதம். எனக்குத்தான் வேலை இல்லையே, அவசரமும் இல்ல."

பாண்டிச்செல்வம் மேல்கூரையை ஆராய்ந்தார். சீனியம்மாள் இந்தத் தடவை முகம் கழுவப் போகவில்லை, முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லித் தப்பிக்க வைப்பேன் என்று. நான் குனிந்து அந்தக் கேபிளைச் சரிபார்த்தேன். மூன்று பதினைந்தானது.

"நாந்தான் சொன்னேன்" என்றார் சோலைச்சாமி. குரல் தரையைப் பார்த்து வந்தது. "போடு."

"என்ன முதலாளி?" என்றாள்.

"பிடுங்கச் சொன்னது நாந்தான். இப்பத் தட்டச் சொல்லுததும் நாந்தான். தட்டு தாயி."

அவள் தட்டினாள். திரை கறுத்தது. பத்துப் பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் புது வெர்ஷன் சாவகாசமாக வந்து நின்றது. பிரிண்டர் முதல் லேபிளைத் துப்பியது. நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது லாரி கேட்டைத் தாண்டியது. மேஜை மேல் கிடந்த கடிதத்தை முதலாளி எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற எட்டுக் கம்ப்யூட்டருக்கும் எந்த நாளில் அப்கிரேடு போடலாம் என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் வீரம் வந்தது. லெட்டர்பேடை எடுத்து, நடந்ததை நிமிஷக் கணக்கோடு ஒரு பக்கத்துக்கு எழுதினேன். மின்சாரம் நிற்கவில்லை, பிளக் பிடுங்கப்பட்டது, சாஃப்ட்வேரிலோ மாரிசெல்வியிடமோ குறை ஏதும் இல்லை என்று அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி அவளிடம் நீட்டினேன்.

நின்றபடியே முழுசையும் படித்தாள். கோபமெல்லாம் இல்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு மணிக்கு முன்னால குடுத்திருந்தீகன்னா பிரேம் போட்டு வச்சிருப்பேன் அண்ணாச்சி" என்றாள். "இப்ப இதை வச்சு நான் என்ன செய்ய?"