இல்லாத தெருவில் கூவிய கணினி

"அவ அதைப் பார்க்கணுமாம்" என்று என் மனைவி வந்து சொன்னபோது எனக்குத் தலைக்கு மேல் அலுவலக வேலை. "எதை?" என்று எரிந்து விழுந்தேன். கேட்டு வாயை மூடுவதற்குள் எதை என்று புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

என் தங்கச்சிக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கப்பலில் மெக்கானிக். இப்போதைக்குக் கரை திரும்ப முடியாது. ஆகவே அவள் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். குழந்தை என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஸ்கேன் எடுக்கும்போதுகூட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று டாக்டர் சொன்னால், "போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க" என்பாள். தூக்கம் போயிற்று. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. இந்தப் பயம் இறங்கினால்தான் இரண்டு பேருக்கும் நல்லது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பயத்தை இறக்க நான் என்ன செய்வேன்? ஸ்கேன் வீடியோவை வாங்கி வந்து என் கணினியில் போட்டு வைத்தேன். அது இருக்கிறது என்று அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

"போன்ல காட்டட்டுமா?" என்றேன்.

"வேணாம்ணா. போன தடவை சின்னத் திரையிலதான் பார்த்தேன். அசையுதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு எதிர்ச்சுவரில் இருந்த டிவியைக் காட்டினாள். "அதுல பெருசா காட்டு. இப்பவே காட்டு. மத்தியானம்னா எனக்குத் தைரியம் இருக்காது."

இதைவிடச் சுலபமான வேலை உண்டா? என் கணினியில் இருக்கும் படங்களை ஒயர் இல்லாமல் வீட்டு வைஃபை வழியாகவே அந்த டிவியில் ஓட்டலாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொள்ளும் சங்கதி அது. ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை' என்றது டிவி.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பாட்டு. பென் டிரைவில் போட்டு டிவியின் பக்கவாட்டில் செருகினேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த ஃபைல் வகை டிவிக்குத் தெரியவில்லை. கணினியில் இருக்கும் மென்பொருள்தான் அதைப் பதமாக மாற்றி அனுப்ப வேண்டும். கேபிள் போடலாம் என்றால், டிவியைச் சுவரோடு சுவராக அறைந்து மாட்டிய மகாராசன் நான்தான். கேபிள் செருகும் பின்பக்கம் விரல்கூட நுழையாது. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். டிவி கம்பெனிக்காரனைத் திட்டினேன். பக்கத்து வீட்டு வைஃபையையும் விட்டுவைக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் என் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நோயாளியை எப்படி விசாரிப்பாளோ அப்படியே என்னையும் விசாரித்தாள். "போன மாசம் ஓடுச்சே. அதுக்கப்புறம் உங்க கம்ப்யூட்டர்ல புதுசா என்னத்தைப் போட்டீங்க?"

என்னத்தைப் போட்டேன்? போன வாரம் அலுவலகச் சோதனைக்காக ஒரு மெய்நிகர் கணினியைப் போட்டேன். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல மென்பொருளால் உண்டாக்குவது அது. தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது, ஆனால் வேலை செய்யும். அதோடு பேசுவதற்கென்று ஒரு பொய் நெட்வொர்க்கையும் அந்த மென்பொருளே போட்டுக்கொள்ளும். ஓடிப்போய் அந்த உள் கணினியை நிறுத்தினேன். அலுவலகச் சோதனை பாதியில் செத்தது; சாகட்டும். டிவி அப்போதும் கையை விரித்தது. குடியிருந்தவனைக் காலி செய்தாயிற்று, வீடும், அந்தப் பொய் நெட்வொர்க் என்ற தெருவும் அப்படியே நின்றன.

"அண்ணா, வேணாம்னா விட்டுடு" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் நிம்மதி கலந்திருந்தது. இப்போது விட்டால் அவள் இன்னொரு தடவை கேட்கவே மாட்டாள்.

நெட்வொர்க்கில் போகிற வருகிற பேச்சையெல்லாம் வரிவரியாகக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைத் திறந்து முதலில் வைஃபையைப் பார்த்தேன். அப்பப்பா! இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலா நாம் வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பிரிண்டர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவியின் போன் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. நடுவில் டிவி, "படம் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அதே கேள்வி. கோபமே இல்லாத கேள்வி.

பிறகு அந்தப் பொய் நெட்வொர்க்கைத் திறந்தேன். அங்கே என் கணினி கூவிக்கொண்டிருந்தது. "இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். இந்த முகவரிக்கு வாருங்கள்." காதுள்ள ஒரு பொருள்கூட இல்லாத தெருவில், ஒரு வாரமாக, அலுக்காமல் கூவியிருக்கிறது. புதுத் தெருவைத்தான் வீட்டுத் தெரு என்று நம்பிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு; இப்படி ஒன்றை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கேட்கிறவனும் இருக்கிறான், சொல்கிறவனும் இருக்கிறான், ஒரே கூரையின் கீழ் இருவரும் தனியாக இருக்கிறார்கள்.

திருத்தம் என்னவோ ஒரே ஒரு சொடுக்குதான். எந்த நெட்வொர்க்கில் பேச வேண்டும் என்ற இடத்தில் பொய்யானதை எடுத்துவிட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து, படம் அனுப்பும் மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். டிவி கேட்டது. அடுத்த வரியிலேயே பதில் போயிற்று. யாரோ உறவுக்காரர்கள் சேர்ந்துவிட்டதுபோல் எனக்குக் கண் கலங்கியது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பின்னறைக்கு வந்து, "கிடைச்சிடுச்சு" என்றேன். தங்கச்சி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"முதல்ல நீ பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

ஓட்டினேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். மழை வழியும் கண்ணாடிபோல ஒன்றும் விளங்காமல் இருந்தது, பிறகு விளங்கியது. முதுகெலும்பு. மடக்கிய கை. நெஞ்சுக்கூட்டுக்குள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒன்று திறந்து திறந்து மூடியது. என்ன வேகம்! எதைப் பிடிக்க இந்த ஓட்டம்? யாரும் சொல்லித்தராமல், யாரும் பார்க்காமல், இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் இது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வாய் ஓயாத எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணா?"

சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. மனைவியைப் பார்த்தேன், அவளும் சிலையாக நின்றாள்.

"ஏன் யாரும் பேச மாட்டேங்குறீங்க?" தங்கச்சியின் குரல் உடைந்தது. "போன தடவையும் இப்படித்தான் எல்லாரும் திடீர்னு பேசாம ஆயிட்டாங்க. அண்ணா, சொல்லிடு. என்னன்னு சொல்லிடு."

நான் பாவி, அவள் கையைப் பிடித்தேனே தவிர பேசவில்லை. பயம் தாங்காமல் கண்ணைத் திறந்துவிட்டாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்தாள். பிறகு நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே திரும்பினாள்.

தலையணையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். படம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. அப்போதுதான் எனக்குக் குரல் திரும்பியது. "எல்லாம் நல்லா..." என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பேசாதண்ணா. குழந்தையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்ல."