பதினோராம் கட்டிலின் மதியச் சாப்பாடு

பத்துக் கிலோ என்று அட்டையில் அச்சிட்டிருந்த பட்டாணிப் பெட்டி ஒன்று, செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிச் சமையலறையின் வாசற்படியைத் தாண்டியதும் ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ ஆயிற்று. சுமைகூலிக்காரர் அதைத் தோளில் சுமந்து வந்து, படியில் இறக்கி, காலால் உள்ளே தள்ளிவிட்டார். தோளோடு உள்ளே வராததால் பிழைத்தார். தரையில் நாலு ஓடுகள் உடைந்தன. அடுத்து வந்த ஆப்பிள் பெட்டி முழங்கால் ஆழத்துக்குத் தரைக்குள் இறங்கிவிட்டது. அதை எடுக்க ஆறு பேர் முயன்று முடியாமல், மேலே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து பழகிக்கொண்டார்கள். அன்றைக்கு மதியம் சூப்பு ஏற்றிய சாப்பாட்டு லிஃப்ட், அரை அடி எழும்பி முனகிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் லிஃப்டின் மேல் பழி போடுவது வழக்கம். ஆகவே மூன்று வாரம் லிஃப்டைத்தான் ரிப்பேர் செய்தார்கள். ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் கம்பி வடத்தை மாற்றினார், மோட்டாரை மாற்றினார், கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக்கூட மாற்றினார். சமையல் வேலை குறைந்தால் லிஃப்டுக்குச் சுமை குறையும் என்று கண்காணிப்பாளர் ஒரு யோசனை கண்டுபிடித்து, காய்கறியை நிறுத்திவிட்டு வெந்நீரில் கலக்கும் சூப்புப் பொட்டலங்களை வரவழைத்தார். பொட்டலங்கள் இரண்டு கடல் தாண்டி வந்தவை. அவை வைத்த அலமாரி சுவரோடு பெயர்ந்து விழுந்தது. அந்த சூப்பில் மூன்று கரண்டி குடித்த ஒரு பெரியவர், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகும் இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தார்.

தலைமைச் சமையல்காரிக்கு ஓடுகளும் அலமாரியும் ஒரு பொருட்டே இல்லை. அவள் மனசெல்லாம் நாலாவது மாடியில், பதினோராம் கட்டிலில் இருந்தது. அங்கே அவளுடைய அண்ணன் படுத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் குளிர்சாதன லாரி ஓட்டியவர். ஒவ்வொரு முறை சரக்கை இறக்கியதும் தங்கைக்கு போன் போட்டு, "லோடு சேந்தாச்சு, சாப்பிடப் போறேன்" என்பார். முதல் பாதி எப்போதும் உண்மை. இரண்டாம் பாதிக்குச் சாப்பிட்டதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிரித்த வறுவல் பொட்டலமும், ஒரு பாட்டில் கலர் தண்ணீரும்தான். அதற்கெல்லாம் சேர்த்து இதயம் இப்போது கணக்குத் தீர்த்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், ஆனால் உடம்பில் தெம்பு ஏறாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பு ஒரு சிட்டிகைகூடக் கூடாது. லாரிக்காரரோ உப்பில்லாத தட்டைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்பது நாளாகக் கஞ்சித் தண்ணீரில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுகிற கையால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லையே என்று அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப்பக்கம் போய் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டு அழுததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். எல்லோருக்கும் தெரியும்.

நாலாவது வாரம் ஸ்பேனர், பழைய இரும்புக் கடையிலிருந்து பெரிய தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து, சங்கிலி போட்டு ஒவ்வொரு பெட்டியாக நிறுத்து, எடைகளைச் சிகரெட் அட்டையில் குறித்தார். தரைக்குள் போன ஆப்பிள்கூட அப்போதுதான் வெளியே வந்தது. அந்த அட்டையை அவள் அண்ணனிடம் எடுத்துப்போனாள். பேச்சுவாக்கில் ஒரு கரண்டி உள்ளே தள்ளிவிடலாம் என்பதுதான் அவள் திட்டம். லாரிக்காரர் கரண்டியைத் தள்ளிவிட்டு அட்டையை வாங்கினார். வாய்க்குள் எண்களைச் சொல்லிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"இது எடை இல்லம்மா. ரோடு."

"என்னண்ணா உளர்றே?"

"பட்டாணி, ஆயிரத்து நூத்தி நாப்பது. குளிர் கிடங்கு வாசல்லேர்ந்து இங்க வரைக்கும் அத்தனை கிலோமீட்டர். எத்தனை நடை அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? உருளைக்கிழங்கு நானூத்திப் பன்னெண்டு, அதுவும் சரி. ஆப்பிள் கப்பல்ல வந்தது, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது."

பெட்டிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கிலோ. அவ்வளவுதான் விஷயம். வந்த தூரத்தையெல்லாம் பெட்டிகள் அதுவரை மறைத்து வைத்திருந்தன, இப்போது வாசற்படியிலேயே சொல்லிவிடுகின்றன என்று அவள் புரிந்துகொண்டாள். ஏன் இந்தச் சமையலறையில், ஏன் அந்தச் செவ்வாய்க்கிழமையில் என்று அவள் கேட்கவில்லை. சமையல்காரிக்கு வேறு கேள்வி வந்தது. அப்படியானால் தூரமே கடந்து வராத காய் எவ்வளவு எடை இருக்கும்?

கொதிகலன் அறைக்கும் மதில்சுவருக்கும் நடுவே, காய்கறி கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில், என்றோ வீசிய விதையிலிருந்து ஒரு பூசணிக்கொடி தானாகப் படர்ந்து கிடந்தது. பக்கத்தில் முளைக்கீரை, ஒரு எலுமிச்சை மரம். களை என்று சொல்லி வெட்டச் சொல்லி இரண்டு முறை உத்தரவு வந்து, சோம்பலால் பிழைத்தவை. அவள் ஒரு பூசணிக்காயை அறுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். காய் கையைவிட்டுக் கிளம்பி மேலே போய்க் கூரையில் இடித்துக்கொண்டு நின்றது. துடைப்பத்தால் தட்டித் தட்டிக் கீழே இறக்கினாள். எடை இல்லாத பொருள் காற்றில் மெல்ல மிதக்கலாம், இந்த வேகத்தில் மேலே போவதற்கு நியாயமே இல்லை என்று இரண்டாவது மாடியில் படுத்திருந்த இயற்பியல் வாத்தியார் பிற்பாடு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான், பூசணிக்காய்தான் கேட்கவில்லை.

மூடிமேல் செங்கல் வைத்து அவித்தாள். எல்லோருக்குமான பாத்திரத்தில் உப்பைப் போட்டதும் அது சாதுவாக அடுப்பில் உட்கார்ந்தது. உப்பு கடற்கரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வந்திருந்தது. அண்ணனுக்குத் தனியாக, உப்பில்லாமல், பூசணியும் கீரையும் எலுமிச்சைச் சாறும் மட்டும் சேர்த்து ஒரு அலுமினியத் தட்டில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை, தட்டு மேசையைவிட்டு எழும்பியது. சன்னல் திறந்திருந்தது. தட்டு ஆவி பறக்க வெளியே போய், சுவரை ஒட்டி மேலே ஏறியது. அவள் சன்னலில் தலையை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நாலு வந்ததும் தட்டு வளைந்து உள்ளே போயிற்று. அவள் படியில் ஓடினாள். ஐம்பத்தாறு வயது, தொண்ணூற்றிரண்டு படி.

மூச்சிரைக்க அவள் போய்ச் சேர்ந்தபோது, லாரிக்காரர் இடது கையால் தட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பே இல்ல," என்றார், வாயில் பூசணியோடு.

"தெரியும்ண்ணா."

"முப்பது வருஷமா நான்தான் ஊர் ஊராச் சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போனேன். இன்னைக்கு அது என்னைத் தேடி வந்திருக்கு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அவள் அழுதாள். இந்த முறை குழாயைத் திறக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக. அதற்குள் கண்காணிப்பாளர் ஊர்ப்புறத்து விவசாயிகளிடமிருந்தே அவரைக்காயும் கேரட்டும் வாங்க உத்தரவு போட்டு, அதைத் தன் யோசனை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார். ஐந்து கிலோமீட்டரில் விளைந்த மூட்டை ஐந்து கிலோ என்பதால் சுமைகூலிக்காரர் மறுபடி விசிலடித்தார். உப்புப் போட்ட சாப்பாடு லிஃப்டில் ஆறிப்போய் ஒன்றரை மணிக்கு வந்தது, உப்பில்லாத தட்டு பன்னிரண்டு மணிக்கே சன்னல் வழியாகச் சுடச்சுட வந்தது. ஒரு வருஷத்தில் எந்த டாக்டரும் சொல்லாமலே இரண்டு வார்டுகள் உப்பைக் குறைத்துக்கொண்டன. பறவைகளும் அந்த நேரத்தில் வழிவிடக் கற்றுக்கொண்டன.

லாரியை விற்றுவிட்டு லாரிக்காரர் கொதிகலன் அறைக்குப் பின்னால் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். அவர் பாத்தி கட்டுவது சுமார்தான். ஆனால் பாத்திர மூடிகளைத் தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கி அவர் போடும் முடிச்சை இதுவரை எந்தப் பூசணிக்காயும் அவிழ்த்ததில்லை. புதிதாக வரும் நோயாளிகள் மதிய வெயிலுக்குச் சன்னலைச் சாத்தப் போனால், சாப்பாடு வர நேரம், திறந்தே வைங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். இன்னும் முதல் தட்டு பதினோராம் கட்டிலுக்குத்தான் போகிறது, அங்கே யார் படுத்திருந்தாலும். சமையல்காரி சன்னலில் நின்று மாடிகளை எண்ணுகிறாள். நாலு வந்ததும், கீழே கீரைப் பாத்தியில் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன், "லோடு சேந்தாச்சு, சாப்பிடப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போகிறார்.