குண்டனின் நட்சத்திரம்

அந்த அணியில் ஷாமினி ஒருத்திதான் பெண். மலேசியாவின் கிள்ளான் நகரில் அவள் படித்த இடைநிலைப்பள்ளியின் ரோபோட்டிக் குழுவில் சேர்ந்த புதிதில், சுவரொட்டி எழுதுவதையும் நடுவர்களிடம் பேசுவதையும் அவளுக்கு ஒதுக்கினார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்ல," என்று பொறுப்பாசிரியை சீதாலெட்சுமி டீச்சர் நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுடைய கையெழுத்தை அவர் பார்த்ததில்லை. அணித்தலைவன் தனேஷ் பார்த்திருந்தான்.

"ஐயோ டீச்சர், இவ எழுத்து கோழி கிண்டுன மாரி இருக்கும். போஸ்டர நான் செய்றேன் லா. புரோகிராம இவ எழுதட்டும்."

இப்படித்தான், ஒரு கேலியின் தயவில், ஷாமினி கேட்கத் தயங்கிய வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாவது ஆள் ஆசிம். சட்டத்தை முடுக்கிச் சக்கரம் மாட்டி உருவத்தைக் கொடுத்தவன் அவன். உருவம் கொஞ்சம் பருமனாக அமைந்துவிட்டதால் ரோபோவுக்குக் குண்டன் என்று பெயர். வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், வண்ணக் கட்டைகளைத் தூக்கி, அந்தந்த நிறக் கட்டத்தில் வைக்க வேண்டும். கோடு எது, பலகை எது என்று பிரித்துப் பார்க்க வயிற்றுக்கடியில் பொத்தான் அளவில் ஒரு கண். அந்தக் கண் பார்த்ததைக் கொண்டு எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று முடிவெடுக்கும் மூளை ஷாமினி எழுதியது.

மாநிலப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது அவளுடைய அப்பா பரமேஸ்வரன் போய்விட்டார். துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வரிசையில் நிறுத்தியிருந்த லோரியில், இருக்கையில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்களாம்.

அதன்பின் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஷாமினி பள்ளிக்குப் போகவில்லை. அணியில் ஆள் மாற்றுவதற்கான கடைசி நாள் வந்தபோது, டீச்சர் இரண்டு பையன்களையும் கூப்பிட்டு, வேறு ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இருவரும் மாட்டோம் என்றுவிட்டார்கள். இது ஷாமினிக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களிடமிருந்து கைப்பேசியில் வந்த செய்திகள்தான். அவற்றில் இருவரும் ஆறுதல் சொல்லவில்லை.

"வளைவுல குண்டன் திணறுறான். ஏன்?"

"பச்சைக் கட்டைய சிவப்புன்னு சொல்றான். இவனுக்குக் கண்ணாடி போடணுமா?"

வெளியே யாரோ அழுதுகொண்டிருக்க, பின்னறையில் உட்கார்ந்து அவள் பதில் எழுதுவாள். கொஞ்ச நேரமாவது தலைக்குள் வேறு ஏதாவது ஓடும். பாதிக் கேள்விகளுக்குப் பதில் அவர்களுக்கே தெரியும் என்பது அவளுக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

போட்டிக்குப் போகலாமா என்று பேச்சு வந்தபோது பெரியப்பா முகம் சுளித்தார். தீட்டு வீட்டுப் பிள்ளை, வருஷம் திரும்பவில்லை என்றார். அம்மா சந்திரகலா தலை நிமிரவில்லை. "கோயிலுக்குத்தான் போகக் கூடாது. இது படிப்பு. அவ போகட்டும்," என்றதோடு பேச்சு முடிந்தது.

எனவே அந்தச் சனிக்கிழமை, பையன்கள் மைலோ அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த குண்டனை மடியில் ஏந்திக்கொண்டு, ஷாமினி கொமுட்டர் ரயிலில் போட்டி நடக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். மனதில் ஒன்றே ஒன்றுதான். இவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அது வீணாகிவிடக் கூடாது.

முதல் சுற்றில் குண்டன் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம்கூடப் போகவில்லை. சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். பிறகு நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான். சுற்றிக்கொண்டே இருந்தான்.

"டேய், உங்க ரோபோ சாமியாடுதுடா!" என்று பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். "வேப்பில குடுங்க!"

நடுவர் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு அடுத்த அணிக்கு நகர்ந்தார்.

இன்னும் ஒரு சுற்று பாக்கி. அதிகப் புள்ளி எதில் கிடைக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் எட்டு அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். தங்கள் மேசைக்குத் திரும்பிய ஷாமினி மடிக்கணினியைத் திறந்தாள்.

"என் தப்புதான். கடைசிப் பகுதிய அப்பா தவறுன வாரத்துல எழுதுனேன். என்ன எழுதுனேன்னே ஞாபகம் இல்ல. எல்லாத்தையும் மாத்தப் போறேன்."

"மாத்தாத," என்றான் தனேஷ். "நேத்து மத்தியானம் பள்ளியில நல்லாத்தான ஓடுனான்?"

"நீங்க வேற ஆளப் போட்டிருக்கணும்."

ஆசிம் குறுக்கிட்டான். "போட்டிருந்தா அவன் புரோகிராம நீதான் திருத்திக் குடுத்திருப்ப. பேசாம மொதல்ல குண்டன் கண்ணுல என்ன தெரியுதுன்னு பாரு."

அவள் குண்டனை வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் திரையில் எண்ணைப் பார்த்தாள். பிறகு கறுப்புப் பட்டைமேல் வைத்தாள். எண் அசையவே இல்லை. வெள்ளையும் கறுப்பும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தன. மூளையில் பழுதில்லை. கண்தான் மங்கியிருந்தது.

குண்டனைக் கவிழ்த்தாள். எலுமிச்சை வாசம் குப்பென்று வந்தது. கண்ணின்மேல் பிசுபிசுவென்று ஏதோ காய்ந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

தனேஷின் முகம் சிறுத்துப் போனது. ஆசிம் கூரையைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் கோயிலுக்குக் கொண்டு போனோம்," என்றான் தனேஷ். "புது வண்டி வாங்குனா பூசை போடுவோம்ல? சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சேன். இவனுக்கு வெயிட் பத்தல, நசுங்கல. அதான் மேல கைய வச்சு ஒரு அமுக்கு..."

"நான் அமுக்கச் சொல்லல," என்றான் ஆசிம். "நான் வாசல்ல செருப்புப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நீதான்டா வாசல்ல நின்னு 'நல்லா அமுக்கு, நல்லா அமுக்கு'ன்னு கத்துன! அப்புறம் விபூதிய எல்லாப் பக்கமும் பூசுனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வர முடியாதுல்ல. சொன்னா மனசு கஷ்டப்படுவ." தனேஷ் குண்டனைப் பார்த்தபடி தொடர்ந்தான். "உன் பேருக்கு அர்ச்சனை செய்யணும்னு நட்சத்திரம் கேக்க உங்கம்மாவுக்குப் போன் அடிச்சோம். ரேவதின்னு சொன்னாங்க. ஆனா சாவு வீட்டுப் பேரு வேணாம்பா, குண்டன் பேருக்கே பண்ணுங்கன்னுட்டாங்க. குருக்கள் பேரு கேட்டாரு, குண்டன்னேன். நட்சத்திரம் கேட்டாரு. நான் என்ன சொல்றது? மூளை உன்னோடதுதான? ரேவதின்னுட்டேன்."

ஷாமினிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியாது. அப்பா போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம், ஊரார் நடமாடும் அந்த மண்டபத்தில், ஓர் எலுமிச்சம்பழத்தை முன்னிட்டு வெளியே வந்தது. பையன்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல், யாரும் பார்க்காதபடி அவளுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள்.

பிறகு ஆசிம் தன் மூக்குக்கண்ணாடித் துணியை நீட்டினான். தனேஷ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான். விபூதியை மட்டும் அவள் விரலால் வழித்து, கீழே சிந்தாமல், தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். குண்டனின் கண்ணைத் துடைத்து மறுபடி சோதித்தாள். வெள்ளை ஓர் எண், கறுப்பு வேறோர் எண். புரோகிராமில் ஒரு வரியைக்கூட அவள் தொடவில்லை.

இரண்டாம் சுற்றில் குண்டன் கோட்டை விட்டு விலகவே இல்லை. வளைவில் வேகத்தைக் குறைத்தான். அந்தத் துக்க வாரத்தில் பின்னறையில் அவள் எழுதிய பகுதி அதுதான். எழுதியது நினைவில்லை என்றாலும் சரியாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி நீலக் கட்டையைக் கட்டத்தின் விளிம்பில் வைத்ததால் அதற்குப் பாதிப் புள்ளிதான்.

பட்டியல் வாசிக்கையில் எட்டாவதாக, எல்லோரும் எழுந்து போகத் தொடங்கிய பிறகு, அவர்கள் பள்ளியின் பெயர் வந்தது. தனேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்குள் பூசைக் கதையைக் கேட்டறிந்திருந்த சீதாலெட்சுமி டீச்சர் கைப்பையால் அவன் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, "எலுமிச்சம்பழமாடா? எலுமிச்சம்பழமா?" என்று கேட்டபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதிவு மேசையில் இருந்த மலாய்க்காரர் நிமிர்ந்தார். தேசியப் போட்டிக்கு அணியில் ஆள் மாற்றலாம், மாற்றுவதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். கேள்வி அணித்தலைவனுக்கு. தனேஷ் ஷாமினியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓராங் சாமா, என்சிக்," என்று மலாயில் சொன்னாள் ஷாமினி. அதே ஆட்கள்தான், ஐயா. பையன்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள். "மூணு பேரும்."

"அப்ப வாங்க, சாப்பிடப் போவோம்," என்றான் ஆசிம். "பசியில எனக்கே கண்ணு மங்குது."