ஆரன்ஃபெல்டின் முதல் வரி

இன்று உக்ரைனில் உள்ள எங்கள் ஊரான செர்னிவ்ட்சியில் பிறந்த அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை நூலாகத் தொகுத்துக்கொண்டிருந்தோம். மெய்யியலாளர் லியோபோல்ட் ஆரன்ஃபெல்ட் என் பங்கில் வந்தார். ஒவ்வொரு குறிப்பும் 'இன்ன நாட்டு அறிஞர்' என்றே தொடங்க வேண்டும் என்பது பதிப்பாசிரியர் யரேமாவின் விதி.

"உக்ரைனிய மெய்யியலாளர்னு போடுங்க ஸெனோவியா. நம்ம ஊர்ல பிறந்தவர்தானே?" என்றார்.

பிறந்தது இங்கேதான். அன்று ஊர் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. முப்பது வயதில் அவர் ருமேனியக் குடிமகன். ஐம்பதில் சோவியத் குடிமகன். எழுதியதெல்லாம் ஜெர்மன் மொழியில். உக்ரைனிய மொழி அவருக்குச் சந்தையில் செர்ரிப் பழம் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும்.

நாட்டையாவது ஆவணங்களை வைத்துச் சொல்லிவிடலாம். அடுத்து எழுத வேண்டிய மதம்தான் என்னை நிறுத்தியது. பெற்றோர் யூதர்கள். போலந்துக்காரப் பெண்ணை மணப்பதற்காக அவர் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்ற பதிவும் கிடைத்தது. அதோடு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவருடைய மகள் ஸிடோனியாவைத் தேடிப் போனேன். எண்பதைக் கடந்தவர், சதுரங்கக் கழகத்தில் இன்றும் யாரும் அவரை எளிதில் வெல்ல முடியாது.

1941 இலையுதிர் காலத்தில், ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்திருந்த ருமேனிய அரசு யூதர்கள் எல்லோரையும் சில தெருக்களுக்குள் போகச் சொன்னபோது ஸிடோனியாவுக்கு ஐந்து வயது. ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டி வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து சொன்னாராம். அப்பா அந்தக் காகிதத்தை மனைவியின் கையில் திணித்தார்.

"இத நீ வெச்சுக்கோ, குழந்தைக்கு வேணும். எங்கம்மாவத் தனியா அனுப்பிட்டு நான் இங்க கத்தோலிக்கனா உக்காந்திருக்க மாட்டேன்."

யூதர்களைப் பதிவுசெய்யும் வரிசையில் நின்றார். மதம் என்ன என்று குமாஸ்தா கேட்டதற்கு யூதன் என்றார். அவரையும் தாயையும் நீஸ்டர் ஆற்றுக்கு அப்பால் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். இரண்டரை ஆண்டு கழித்து, உறைபனியில் இரு விரல்களை இழந்து அவர் திரும்பினார். அதன்பிறகு தேவாலயத்துக்கும் போகவில்லை, யூதக் கோயிலுக்கும் போகவில்லை.

"அப்போ அவர என்னன்னு எழுதறதும்மா?" என்று கேட்டேன்.

"நடந்தத எழுதேன். எதுக்கு ஒத்த வார்த்தையத் தேடறே? அந்தக் குமாஸ்தாவும் அப்பாவ ஒரே கட்டத்துலதான் அடைச்சான்."

அன்றே எழுதினேன்: 'ஆஸ்திரியப் பேரரசின் செர்னிவ்ட்சியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் ருமேனிய, சோவியத் குடிமகனாக இருந்து, ஜெர்மனில் எழுதிய மெய்யியலாளர். 1930இல் கத்தோலிக்கரானார். 1941இல் தம்மை யூதர் என்று பதிவுசெய்து, தாயுடன் நாடுகடத்தப்பட்டார். மீண்டபின் எந்த வழிபாட்டிலும் கலந்துகொள்ளவில்லை.'

"முதல் வரி கேட்டா நாவல் எழுதிட்டு வந்திருக்கீங்க" என்றார் யரேமா.

"இதுல ஒரு பொய் காட்டுங்க. நானே வெட்டிடறேன்."

இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து ஓரத்தில் கையெழுத்திட்டார். பிறகு தாம் எழுதிய குறிப்புகளின் கோப்பைத் திறந்து, முதலிலிருந்து திருத்தத் தொடங்கினார். நூல் நான்கு மாதம் தாமதமாக வந்தது.

முதல் பிரதியை ஸிடோனியாவிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து, அப்பாவைப் பற்றிய குறிப்பைக் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் சரி. கல்யாணம் மட்டும் ஜூலைன்னு போட்டிருக்கே, அது ஜூன்" என்றார்.