பெருவிரல் முடிச்சு

"காலை ஆட்டாத, பிள்ளே! அப்பா கிடக்கிறாரு பாரு" என்று பக்கிரிசாமி இந்திராணியின் முழங்காலை அழுத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

செத்துக் கிடந்த அய்யாவு அவருக்குத் தம்பி. பதினைந்து வயது இந்திராணிக்கு அப்பா. நேற்று மினி பஸ் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். தலைமாட்டில் இருந்த தங்கமணி, புருஷன் முகத்தைப் பார்ப்பதா, மகள் காலைப் பார்ப்பதா என்று தவித்தாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் இவளக் கிள்ளானுக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பக்கிரிசாமி. "இந்த பிரிக்பீல்ட்ஸ்ல ராப்பகலா ரயில் சத்தம், வீட்டுல ரேடியோ. எப்படிப் படிப்பு ஏறும்? எஸ்.ஆர்.பி. பரீட்சை வருது லா. நீயும் கண்டிச்சு வளக்கல."

இதையெல்லாம் தங்கமணியே தனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் புலம்பியிருக்கிறாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிற பெண்; பரீட்சை என்றாலே சோறு இறங்காது. டீச்சர் கூப்பிட்டனுப்பும்போதெல்லாம் தங்கமணி தன் வளர்ப்பைத்தான் நொந்துகொண்டாள். அய்யாவு மட்டும் சிரிப்பார்.

"விடு லா, தங்கம். என் புள்ள என்னை மாதிரி இருக்கு."

மனுஷர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தாள். சுங்கை வே தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை வந்த வேகத்தில் உதறிவிட்டு, மினி பஸ் படியில் நின்றுகொண்டே பார்க்கிற கண்டக்டர் வேலைக்குப் போனவர் அவர். சோற்றுத் தட்டின் முன்னாலும் தொடை ஆடும். தூக்கத்திலும் பாதம் ஆடி அவளை எழுப்பிவிடும்.

அந்தப் பாதங்களின் பெருவிரல்களைச் சேர்த்து இப்போது வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லாச் சாவிலும் கட்டுவதுதான். இருந்தும் தங்கமணியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தக் கால் சும்மா கிடந்து அவள் பார்த்ததே இல்லை.

வாய்க்கரிசி முடிந்து, பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள்.

"விரல் கட்ட அவுத்துடுங்க, மாமா."

"அதெல்லாம் சுடுகாட்டுலதான் அவுக்கணும், தங்கமணி."

"அங்க பொம்பளைங்கள விடமாட்டீங்களே. கால் கட்டில்லாம கிடக்கிறத நான் பாக்கணும்."

யாரும் அசையவில்லை. அவளே குனிந்தாள். முடிச்சு அவள் நகத்துக்குப் பிடிபடவில்லை. இந்திராணி ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் அவள் கைவிரல்கள் சட்டென்று முடிச்சை அவிழ்த்தன. பாதங்கள் மெல்ல விலகி, அவர் மத்தியானம் அசந்து படுத்திருக்கும்போதுபோல் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்தன. தங்கமணிக்கு அழுகை பீறிட்டது.

"இவ எங்கயும் வரல, மாமா" என்றாள் அழுகைக்கு நடுவே. "இந்தக் கால் ஆட்டம் ரயிலால வந்ததில்ல."

பக்கிரிசாமி தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கக் கை கொடுத்தார்.

பெட்டியை ஏற்றிய வண்டி கிளம்பியது. இந்திராணி ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு காலை ஊன்றி, தெருப்பக்கம் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, புள்ளய உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நிக்கட்டும்" என்றாள் தங்கமணி.

படியில் ஊன்றாத கால் ஆடிக்கொண்டிருந்தது.