இடைக்கதவு

அந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் லொரீனுக்குப் பிடித்துப்போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வரவேற்பு மேசைக்கு இரண்டடி தள்ளி நின்று, அவள் கணினியோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். கக்கத்தில் ஒரு குழந்தையின் கம்பளிச் சட்டையை இடுக்கியிருந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதனா என்று அவளுக்குத் தோன்றியது.

லொரீன் அமெரிக்காவின் ஹிக்கரி நகரில் சோபாவுக்கு உறை தைக்கும் ஆலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். ஆலையை இழுத்து மூடியதும், நாற்பத்து நான்கு வயதில், சமுதாயக் கல்லூரியில் ஹோட்டல் நிர்வாகம் படிக்கச் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் அவள் மகன் வயதுக்காரர்கள். மரியாதையாக 'மிஸ் லொரீன்' என்பார்கள், குழுவாகச் செய்யும் வேலை வந்தால் மட்டும் கண்ணில் படாமல் நழுவிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றில் பயிற்சி. கணினியைக் கண்டால் பயம், மேலாளரைக் கண்டால் பயம், தேறாமல் போய்விடுவோமோ என்று எந்நேரமும் பயம். பயம் வந்தால் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் ஆசிரியை மிசஸ் ப்ரூயிட் முழு மதிப்பெண் போட்டாள். "உன்னைப் பார்த்தா சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு லொரீன். இதைச் சொல்லிக்குடுத்து வரவழைக்க முடியாது."

சொல்லிக்கொடுத்து வரவழைக்கக்கூடியதையும் லொரீன் ஒழுங்காகவே படித்திருந்தாள். அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சாவி அட்டையின் உறையில் எழுதி, விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். யார் தங்கியிருக்கிறார்கள் என்று வெளியாட்களிடம் மூச்சு விடக் கூடாது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். என் பொண்டாட்டி ஷானா இங்கதான் இருக்கா, வெளிய அவ கார் நிக்குது. பாப்பாவுக்கு மூச்சிழுப்பு. மருந்தை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டா." நீல நிற மருந்துக் குழலை மேசைமேல் வைத்தான்.

லொரீனின் மகனுக்கும் சின்ன வயதில் இழுப்பு உண்டு. நெஞ்சு இளகிப்போனது. இருந்தாலும், "இங்க யார் இருக்காங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்க," என்றாள்.

"ஐயோ, நம்பரெல்லாம் வேண்டாம். நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்க. அவ வேண்டாம்னா நான் பேசாமப் போயிடறேன்."

எவ்வளவு நியாயமான பேச்சு! மதியம் ஷானாவுக்குச் சாவி கொடுத்ததும் லொரீன்தான். பெட்டி எதுவும் இல்லை. கையில் மளிகைப் பை ஒன்று, தோளில் தூங்கும் பெண் குழந்தை. பயணக் களைப்பு என்று நினைத்திருந்தாள். மேசைமேலிருந்த தொலைபேசியில் மூன்று எண்களை அழுத்தினாள்.

"கண்ணு, கீழ வரவேற்புல இருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் பாப்பாவுக்கு மருந்து கொண்டாந்திருக்காரு."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டது. "உஷ்" என்றது தாயின் குரல். பிறகு மிகத் தாழ்வாக, "நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?" என்றது. இணைப்பு அறுந்தது.

லொரீன் தொலைபேசியை மெதுவாக வைத்தாள். முகத்தில் சிரிப்பு மட்டும் இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்படி யாரும் இல்லைங்களாம். தப்பான ரூமுக்குப் போட்டுட்டேன் போல."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியின் பொத்தான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், முதலிலிருந்தே. "ரெண்டு, ஒண்ணு, நாலு," என்றான். "ரொம்ப நன்றி மேடம்." தொப்பியை மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான். மருந்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றிருந்தது. அவன் பொத்தானை அழுத்திவிட்டு அவசரமே இல்லாமல் காத்திருந்தான். லொரீனுக்கு ஓடிப்போய்த் தன் காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அறைகளுக்கெல்லாம் பொதுவான சாவியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்பக்கம் போனாள். சலவை அறையில் பணிப்பெண் ஒஃபீலியா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸைக் கூப்பிடு. இருநூத்திப் பதினாலு. சீக்கிரம்!"

"என்னாச்சு மிஸ் லொரீன்?"

"ஒருத்தியைக் காட்டிக் குடுத்துட்டேன். கூப்பிடு!"

பின்பக்கப் படிகளில் ஏறி ஓடினாள். வாசல் வழியாக அந்த அறைக்குப் போனால் அவனிடமே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பக்கத்து அறை காலியாக இருந்தது. குடும்பமாக வருகிறவர்களுக்காக இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு வைத்திருந்தார்கள், பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினாற்போல இரண்டு. தன் பக்கத்தை இவள் திறக்கலாம். அந்தப் பக்கத்தை ஷானாதான் திறக்க வேண்டும்.

காலி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவதற்கும் லிஃப்ட் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. இருட்டில் தடவித் தடவித் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். எதிரே ஷானா பக்கத்துக் கதவு, கைப்பிடியே இல்லாத வெறும் பலகை. நகத்தால் தட்டினாள்.

"ஷானா, நான் கீழ இருக்கற லொரீன். இதைத் திறந்து இந்தப் பக்கம் வந்துடுங்க கண்ணு."

அந்த அறையின் நடைவாசலில் மூன்று தட்டல்கள் கேட்டன, மெதுவாக, மரியாதையாக. "ஷானா, பாப்பாவுக்குக் குளிருமேன்னு சட்டை எடுத்தாந்தேன். திறம்மா."

ஷானா ஏன் திறக்கவில்லை என்று லொரீனுக்குப் புரிந்தது. சற்றுமுன் 'கண்ணு' என்று கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த அதே குரல்தானே இதுவும். அவனும் இவளும் சேர்ந்து வந்திருப்பதாக நினைத்தால் அதில் என்ன தப்பு? வாழ்நாளெல்லாம் கைகொடுத்த அந்த இனிப்புக் குரல் லொரீனுக்கே அருவருப்பாக இருந்தது. அதை விட்டால் எந்தக் குரலில் பேசுவது என்றும் தெரியவில்லை.

"தப்பு என்மேலதான்," என்றாள், பலகையில் வாயை வைத்து. குரல் உடைந்து வந்தது. "நான் போன் போட்டப்போ அவன் என் விரலைப் பார்த்துட்டான். நான் மட்டுந்தான் இங்க இருக்கேன். எனக்கும் பயமா இருக்கு. திறங்க."

நடைவாசலில் தட்டல் நின்றது. அடுத்து விழுந்தது தட்டல் இல்லை, தோளால் மோதிய சத்தம். சுவர் அதிர்ந்தது.

லொரீன் தரையில் முழங்காலிட்டாள். பலகையின் அடியில் ஒரு நூலளவு வெளிச்சம். அதில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு, சின்னவை. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் பாதிவரை திரும்பி, அப்படியே நின்றது.