இரண்டு வழிகள் எழுதிய தாள்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை முதல் வானம் மூடிக் கிடந்தது. மழை மட்டும் பெய்யவில்லை.

நண்பகலுக்குப் பின் என் அண்ணன் கைபேசி பழுதுபார்க்கும் எனது கடைக்குள் நுழைந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் என் வாசலை மிதித்ததில்லை. எங்கள் தந்தையின் கடையில் எனக்கிருந்த பாதிப் பங்கை, எழுதப் படிக்கத் தெரியாத என்னிடம் ஒரு தாளை நீட்டிப் பெருவிரல் ரேகையால் பறித்துக்கொண்டவர் அவர். "படிச்சு என்ன பண்ணப் போற? கைய வை" என்றார் அன்று. அதன் பின்னரே, நாற்பத்தோராம் வயதில், நான் எழுத்துக் கற்றேன்.

மேசைமீது அவர் வைத்த கைபேசி செயலற்றுக் கறுத்துக் கிடந்தது. ஏதோ காணொளியைப் பார்த்து, இயங்குதளத்தைத் தாமே மாற்ற முயன்றிருக்கிறார். மூன்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டனராம்.

"என்னம்மா கைநாட்டு, பெரிய மெக்கானிக் ஆயிட்டியாமே? ஆறு மணிக்குள்ள இதுக்கு உயிர் வரணும்."

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"அப்பா கடைசியா பேசினது. வேற எங்கயும் இல்ல. உனக்குத் தரமாட்டேன், கேட்காத."

அக்குரலை ஒருமுறை கேட்கத் தருமாறு நான் எத்தனையோ நாள் கெஞ்சியதுண்டு.

கைபேசி விழிக்கையில் முதலில் எழும் காவலாளிக்குப் பூட்லோடர் என்று பெயர். அதன் பூட்டைத் திறந்தால் இன்றே புதிய இயங்குதளத்தை ஏற்றலாம். ஆனால் உள்ளிருப்பவை யாவும் அழியும். நிறுவனத்தின் மூலக் கோப்பைத் தேடிப் பொறுமையாக ஏற்றினால், இரண்டு நாளில், அவை தப்பவும் கூடும். இவ்விரண்டையும் ஒரு தாளில் பிழையின்றி எழுதினேன். 'அழியும்' என்பதன் கீழே கோடும் இட்டேன்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. படிச்சுப் பார்த்து, வேணுங்கறதுக்கு நேரா கையெழுத்துப் போடுங்க."

"அடேங்கப்பா! உன் கோழிக் கிறுக்கலை நான் உட்கார்ந்து படிக்கணுமா? எது சீக்கிரம்?"

"முதல் வழி. படிச்சுட்டுப் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே முதல் வழிக்கு நேராகக் கையெழுத்திட்டார். படிக்கும்படி இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைபேசியைக் கணினியுடன் இணைத்தேன். பூட்டைத் திறக்கும் அனுமதியை அவரே முன்னதாக அமைப்புகளில் கொடுத்திருந்தமையால் தடையேதும் எழவில்லை. திரை இறுதியாகச் சம்மதம் கேட்டது. பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினேன். அதே பெருவிரல்.

கைபேசி புத்தம்புதிதாக ஒளிர்ந்து, எந்த மொழி வேண்டும் என்று வினவியது. அண்ணன் அதைப் பறித்து, மேலும் கீழும் துழாவினார்.

"அப்பா எங்கடி?"

தாளைத் திருப்பிக் காட்டினேன்.

"இதை நீ சொல்லவே இல்லையே!"

"எழுதியிருந்தேண்ணே. படிச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு விட்டுட்டேன்."

அக்குரலை இனி நானும் கேட்கப்போவதில்லை. தந்தை விட்டுச்சென்ற ஒன்றிலாவது எங்கள் இருவர் பங்கும் முதன்முறையாகச் சமமாயிற்று. அப்போது மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.